எண்ணெய் படாத திருகு

சிகரெட் அட்டையில் கிறுக்கிய வரைபடத்தை நம்பிப் படகில் டீசல் ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? மூன்று பேர் ஊற்றினார்கள். நாற்பது வருடங்களுக்கு முன், ஊர்க் கோயிலுக்கு வெண்கல மாதா சொரூபம் ஏற்றி வந்த தோணி மூணுகல் திட்டுக்கு அருகே மூழ்கிப்போனது. அந்த இடத்தை அட்டையில் குறித்து வைத்தவர் அமலி அக்காவின் அப்பா. படகு அக்காவுடையது, சுக்கானும் அவள் கையில்தான். எஞ்சினுக்கு இன்னாசி. மூச்சடக்கி முக்குளிக்க, அவன் தங்கை பிலோமியின் புருஷன் செபஸ்தி.

செபஸ்தியின் இடுப்புக் கயிற்றையும் இன்னாசியே பிடித்தான். அவர்கள் ஊரில் முக்குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியுடன் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாதே என்ற பயத்தில் அவன் கண் அசர மாட்டான் என்பது ஊரின் நம்பிக்கை.

இரண்டாம் நாள் காலை செபஸ்தி தலையைத் தூக்கி, "மாதா கெடக்கா மச்சான். வலை சுத்திக் கெடக்கா" என்றான்.

யாரோ எப்போதோ தொலைத்த நைலான் வலை மாதாவைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. அதை அறுக்க எடுத்துப்போன பெரிய கத்தி முதல் முக்குளிப்பிலேயே கைநழுவிப் பாறை இடுக்கில் போய்ச் சேர்ந்தது. மிச்சம் இருந்தது இன்னாசியின் மடக்குக் கத்தி ஒன்றுதான்.

இன்னாசிக்கு இரண்டு பழக்கம். சும்மா இருக்கும்போதெல்லாம் அந்தக் கத்தியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருப்பான். அதனால் அலகைப் பிடிக்கும் திருகு நாளுக்கொரு தரம் கழன்று வரும். அப்புறம் அதை முறுக்கி, மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விடுவான். எஞ்சின்காரனுக்கு வேறென்ன தெரியும்? எண்ணெய் பட்டுக் கெட்ட இரும்பை அவன் பார்த்ததே இல்லை. நகப்பூச்சைத் தடவினால் திருகு கழலாது என்று அமலி அக்கா தன் குப்பியைக் கொடுத்தாள். அதையும் அவன் எண்ணெய்க்கு மேலேயே தடவி வைத்தான், மகராசன்.

மத்தியானம் கத்தியோடு இறங்கிய செபஸ்தி பன்னிரண்டு இழை அறுத்துவிட்டு, திருகைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி மேலே வந்தான். அலகு லொடலொடவென்று ஆடியது. திருகு இரண்டே இரண்டு மரைச் சுற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்மேல் ஒட்டாத நகப்பூச்சு உரித்த தோல் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது.

முறுக்கிக் கொடு, மறுபடி இறங்குகிறேன் என்றான் செபஸ்தி. நாளை உச்சிக்குள் காற்று திரும்பிவிடும், கடல் கலங்கினால் அப்புறம் மாசக்கணக்கில் கண் தெரியாது என்று அக்காவும் அவசரப்படுத்தினாள். இருவரும் சொன்னது சரிதான். ஆனாலும் இன்னாசி கயிற்றைச் சுருட்டித் தன் காலடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னைக்கு உன்ன எறக்க மாட்டேன் மாப்ள. தப்பு என்னுது."

திட்டில் ஏறி, முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டால் திருகையும் அது ஏறும் துளையையும் மூன்று தடவை துடைத்தான். வெள்ளைத் துணியில் கறை வராத வரை விடவில்லை. வெயிலில் காயவைத்தான். பிறகு மரையில் மட்டும் ஒரு பொட்டு நகப்பூச்சு. அலகு பக்கவாட்டில் ஆடவும் கூடாது, கட்டைவிரலுக்கு மல்லுக்கட்டவும் கூடாது என்று பார்த்துப் பார்த்து முறுக்கினான். அதற்குமேல் செய்ததுதான் அவனுக்குப் பெரும்பாடு: விடியும்வரை கத்தியைத் தொடவே இல்லை.

காலையில் செபஸ்தி நாலு முறை இறங்கினான். திருகு அசையவில்லை. ஐந்தாம் முறை மாதாவின் கழுத்தில் தனிக் கயிறு கட்டியதாக இடுப்புக் கயிற்றை இழுத்துச் சைகை செய்தான். இன்னாசி எண்ணிக்கொண்டிருந்தான். தொண்ணூறில் செபஸ்தி வழக்கமாக மேலே வந்துவிடுவான். நூறு ஆயிற்று. கயிற்றை இழுத்தான், வரவில்லை. அறுந்த வலை அவன் காலைச் சுற்றியிருக்க வேண்டும்!

அக்கா ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். இன்னாசி அவள் கையைத் தட்டிவிட்டான். இழுத்தால் வலை இன்னும் இறுகும். கீழே அறுக்கிறவன் அறுக்கட்டும். இழுக்கத் துடித்த இரண்டு கைகளையும் சும்மா வைத்துக்கொண்டு எண்ணினான். நூற்றுப் பத்து. நூற்று இருபது. நூற்று முப்பத்திரண்டில் கயிறு தளர்ந்தது. பேய் பிடித்தவன்போல இழுத்தான்.

செபஸ்தி படகில் விழுந்து இருமினான். கணுக்காலில் ரத்தம். கை கத்தியை விடவே இல்லை. இருமல் நின்றதும் இன்னாசி கேட்டான்:

"நேத்தே, அந்த ஆடுற கத்தியோட மாட்டியிருந்தா?"

"நேத்துதான் நீ விடலியே மச்சான்."

இன்னாசி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அக்கா தனிக் கயிற்றைப் பிடித்து மாதாவை ஏற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் கரையில் மேளமும் வெடியுமாக ஊரே திரண்டிருந்தது. எல்லோரும் மாதாவைப் பார்க்க முண்டியடித்தார்கள். பிலோமி மட்டும் புருஷனின் கணுக்காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள், அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். இன்னாசி எண்ணெயில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான்.

பிலோமி கேட்டு முடித்தாள். "அடுத்த தடவையும் கயிற நீயே புடிண்ணே" என்றாள்.