டிராகனுக்கு ஒரு கோப்பைத் தேநீர்

நாடகத்தில் டாம்சினுக்கு இரண்டே வார்த்தைகள்தான். "தேநீர் தயார்!" அதற்கே அவள் ஏந்தியிருந்த தட்டில் கோப்பைகள் கடகடவென்று ஆடின.

"பயமா இருக்கு ஹெஸ்டர்."

"ரெண்டு வார்த்தைக்கா? கதையையே மாத்தி எழுதினவ நான். நான்தான்டி பயப்படணும்!" என்றாள் அக்கா.

ஹெஸ்டர் கல்லூரியில் இலக்கியம் படிக்கிறாள். நாட்டின் பழைய வீரக் கதைகளை யார் யார் எப்படி மாற்றி எழுதினார்கள் என்று தேடித் தேடிப் படிப்பாள். மற்ற நேரமெல்லாம் தொலைக்காட்சியில் நீளக் கவுனும் உயரத் தொப்பியுமாக வரும் அந்தக் காலத்துத் தொடர்கள்தான். இரண்டையும் கலந்து ஊர் நாடகத்திலேயே கை வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஊர்ப் புல்வெளியில் நடக்கும் நாடகத்தில், பழங்கதை வீரர் புனித ஜார்ஜ் டிராகனை வாளால் வெட்டுவார். டிராகன் விழும். "டாக்டர் எங்கே?" என்று ஊரே கத்தும். டாக்டர் ஓடிவந்து குப்பியிலிருந்து ஒரு சொட்டு மருந்து ஊற்றுவார். டிராகன் எழுந்து ஆடும்.

ஹெஸ்டரின் கதையில் வாள் கிடையாது. ஜார்ஜ் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். டிராகன் உட்கார்ந்து தேநீர் குடிக்கும். "யாருமே சாகலைன்னா டாக்டர் எதுக்கு?" என்று அவரையும் எடுத்துவிட்டாள்.

"சாகாத டிராகன் எல்லாம் ஒரு டிராகனா?" என்று முணுமுணுத்தபடியே பச்சை வாலைக் கட்டிக்கொண்டார் கசாப்புக்கடை மிஸ்டர் ஓக்லி. வருடா வருடம் அவர்தான் டிராகன்.

"இந்த ஒரு தடவைதான். சொதப்பினா பழைய நாடகம்தான்" என்று ஊரில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

நாடகம் தொடங்கியது. புல்வெளியில் நல்ல கூட்டம். ஜார்ஜாக நடித்த பேருந்து ஓட்டுநர் நெவில், தொப்பியை எடுக்கக் கையைத் தூக்கினார்.

கை மேலே போனதுதான் தாமதம். "ஆ...!" என்று அலறியபடி தொப்பென்று விழுந்து செத்துப்போனார் மிஸ்டர் ஓக்லி!

"யோவ், எழுந்திருய்யா! நான் வணக்கம்தான் சொன்னேன்!" என்று கிசுகிசுத்தார் நெவில்.

"பழக்க தோஷம்ப்பா. இப்ப எப்படி எழுந்திருக்கிறது? செத்துட்டேனே!"

அதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்தது. "டாக்டர் எங்கே? டாக்டர் எங்கே?"

டாக்டர்தான் இல்லையே! திரை ஓரத்தில் ஹெஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையே கண்ணீர் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் டாம்சினின் கால்கள் தாமாகவே நடந்தன. கோப்பைகள் கடகடவென்று ஆடின. ஆடட்டும்!

"டாக்டர் வெளியூர் போயிருக்கார்!" என்று கத்தினாள். கூட்டம் அடங்கியது. "அவசரத்துக்கு இதுதான் மருந்து. தேநீர் தயார்!"

டிராகனின் வாயில் கோப்பையைச் சாய்த்தாள். ஒரு மடக்கு. வால் ஆடியது. இன்னொரு மடக்கு. மிஸ்டர் ஓக்லி துள்ளி எழுந்து, நெவிலின் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, ஜார்ஜுக்கு அழகாக ஒரு வணக்கம் வைத்தார்.

புல்வெளியே சிரிப்பில் குலுங்கியது.

"அடுத்த வருஷமும் இதே நாடகம்தான்!" என்று யாரோ கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹெஸ்டர் ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். "என் கதையையே மாத்திட்டியேடி!"

"நீ மட்டும்தான் மாத்தலாமா?" என்றாள் டாம்சின்.

மிஸ்டர் ஓக்லி தொண்டையைச் செருமினார். "அடுத்த வருஷமும் நான் செத்துத்தான் விழுவேன், சொல்லிட்டேன். ஆனா பாப்பா, சர்க்கரை மட்டும் ரெண்டு கரண்டி போட்டுடு!"