வெள்ளிக்கிழமைக் கற்பூரம்

அடையாறு வீட்டின் கார் ஷெட்டில் பெட்ரோல் வாசனை வந்ததில் நீரஜாவுக்கு ஆச்சரியமில்லை; அந்த அம்பாசிடர் பத்து நாளாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் லேசாகக் கற்பூர வாசனையும் வந்ததுதான் புரியவில்லை.

மத்தியானம் மெக்கானிக் ஷரீஃப் வந்து, டிக்கிக்குள் தலையை விட்டு, பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்க்கையும் சேர்க்கிற ரப்பர் குழாய் வெடித்திருப்பதைக் காட்டினான். டேங்க் நிறையப் பெட்ரோல். ரப்பரை மாற்ற நேரமில்லாத அவள் கணவர் ராஜகோபாலனுக்கு, டெல்லிக்கு ரயிலேறும் முன் டேங்க்கை நிரப்ப மட்டும் நேரமிருந்திருக்கிறது. புது ரப்பர் நாளைக்குத்தான் கிடைக்கும், அதுவரை சலவைச் சோப்பைக் குழைத்து வெடிப்பில் அப்பியிருக்கிறேன், வண்டியை அசைக்காதீர்கள் என்றான் ஷரீஃப். கிளம்பும்போது டிக்கியின்மேல் வட்டமாகப் படிந்திருந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாம்மா, ஒயுகுற வண்டிக்கு யாரு கற்பூரம் காட்னது? நெருப்பு கிட்ட வந்துச்சின்னா வூடே போயிடும்."

யாரும் காட்டவில்லை என்றாள். உண்மைதான். அந்த வண்டிக்குக் கற்பூரம் காட்டிய ஒரே ஆள் டிரைவர் வெள்ளைச்சாமி. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வடபழனி முருகன் பேரைச் சொல்லி மூன்று சுற்று சுற்றுவான். கடைசியாக டேங்க் மூடிக்கு எதிரே நின்று, வண்டி சாப்பிடுகிற வாயாச்சே என்று அதற்கும் ஒரு தரம் காட்டுவான். நீரஜாவின் குழந்தை சீதா நெருப்புக்குக் குறுக்கே ஓடிவந்துவிடாமல், அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிய பிறகுதான் ஆரம்பிப்பான். அவ்வளவு பொறுப்பானவன். ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை.

நீரஜா ஈரத்துணியால் கரியைத் துடைத்தாள். போன வாரம்தான் கழுவிய வண்டி. சாயங்காலம் பூஜையறையில்கூட அவள் விளக்கேற்றவில்லை. இருட்டத் தொடங்கியபோது, கூடத்திலும் மாடியிலும் கூப்பிட்டுப் பார்த்தும் சீதாவைக் காணவில்லை. ஹாலில் ஆணியில் தொங்கும் கார் சாவியையும் காணவில்லை.

ஷெட்டுக்கு ஓடினாள். கண் எரிகிற அளவுக்குப் பெட்ரோல் நெடி. பழக்கதோஷத்தில் ஸ்விட்சுக்குப் போன கை, ஒரு பொறி போதுமே என்ற நினைப்பில் அப்படியே நின்றது. இருட்டில் காதுதான் வேலை செய்தது. சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு. சற்றுக் கழித்து இன்னொன்று. காலுக்கடியில் மெத்தென்று ஏதோ நசுங்கியது. சோப்பு. யாரோ வழித்து எடுத்துப் போட்டதுபோல முழுசாக விழுந்து கிடந்தது.

அடுத்த அடியில் எலுமிச்சம்பழம் உருண்டது.

இருட்டுக்குக் கண் பழகியபோது, பின்சீட்டில் சீதா சுருண்டு தூங்குவது தெரிந்தது. நீரஜா கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது. மறுபக்கக் கதவும். கண்ணாடியைக் கையால் அறைந்தாள். குழந்தை அசையவில்லை.

வண்டிக்குப் பின்னால் சாவிக்கொத்து கிணுகிணுத்தது. இடுப்புயரத்தில்.

பிறகு வெளிச்சம்.

ஒரு சின்னச் சுடர். ஏந்திய கை இல்லை. வண்டியைச் சுற்றி நிதானமாக நகர்ந்தது. முதல் சுற்று.

தட்டிவிடலாம். தட்டினால் கீழே விழும். கீழே பெட்ரோல்.

இரண்டாவது சுற்று. அவள் தோளை உரசிக்கொண்டு போனது. பீடி வாசனை. விபூதி வாசனை.

மூன்று.

"வெள்ளைச்சாமி," என்றாள் நீரஜா. "வேண்டாம்ப்பா. வண்டி ஒழுகறது. உள்ள கொழந்தை இருக்கா."

சுடர் நின்றது. யோசிப்பதுபோல நின்றது. பிறகு, எல்லா வெள்ளிக்கிழமையும் போல, டேங்க் மூடிக்கு நேராகத் தாழ்ந்தது.

வண்டிக்குள் சீதா எழுந்து மண்டியிட்டிருந்தாள். சுடருக்கு மேலே, ஒரு ஆளின் முகம் இருக்கவேண்டிய உயரத்தைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ள இரண்டு கைகளையும் கண்ணாடிவரை நீட்டினாள்.