எர்த் பின்னில் எமன்!

"ஆ... ஆ... ஆ!"

அலறல் ஸ்டுடியோவின் உள்ளறையிலிருந்து வந்தது.

முன்னறை அலமாரியில் கேபிள் தேடிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த அட்டைப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

உள்ளறை வாசலில் அவளுடைய கால்கள் நின்றுபோயின.

அவள் கணவன், வீடியோ எடிட்டர், மேஜையின் மேல் கவிழ்ந்து கிடந்தான். இடது கை கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கை, பெட்டியின் முதுகில் சொருகிய பவர் கேபிளைப் பிடித்திருந்தது. உடம்பு உதறிக்கொண்டே இருந்தது!

வேறு ஒருத்தியாக இருந்தால் பாய்ந்து போய் அவனைப் பிடித்து இழுத்திருப்பாள். ஒரு பிணம் இரண்டாகியிருக்கும்.

இவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவள். தெருவில் இவளுக்கு 'டாக்டரம்மா' என்றே பெயர். திரும்பி ஓடினாள். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை ஓங்கி அடித்துக் கீழே தள்ளினாள்.

உதறல் நின்றது.

மூச்சும் நின்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் முன்னறையில் தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணனைக் கொன்னுட்டாங்க சார்! இவங்கதான்... எங்க அண்ணிதான் கொன்னுட்டாங்க!"

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. உச்சந்தலை வரை வந்தது.

"வாயை மூடு! பிணம் இன்னும் உள்ள கிடக்கு. அதுக்குள்ள எனக்குப் பட்டம் கட்டறியா?"

"நேத்து கத்தினீங்களே, தெருவே கேட்டுச்சே! இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார்.

"நீங்க இங்கயே இருங்க தம்பி. அம்மா, நீங்க உள்ள வாங்க. ஏட்டு... கதவைச் சாத்து."

கதவு சாத்தப்பட்டது. உள்ளறையில் நான்கு பேர். அதில் ஒருவர் பேசும் நிலையில் இல்லை.

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பக்கவாட்டுத் தகடு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே, மதர்போர்டின் மேல், புத்தம் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"இதை மாட்டினது யாரு?"

"நான்."

"எப்ப?"

"இப்பத்தான். அதுக்குத் தனியா ஒரு கரண்ட் கேபிள் கொடுக்கணும். அதை எடுக்க முன்னறைக்குப் போனேன். அதுக்குள்ள அலறல் கேட்டுச்சு."

"அப்ப உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

"அதோ, அந்த மூலை மேஜையில. இன்னொரு கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணிட்டு இருந்தார்."

"நேத்து சண்டையாமே?"

"ஆமா, சண்டைதான்! பிரிஞ்சு போறேன்னு சொன்னேன். ஸ்டுடியோ என் பேர்ல இருக்கு, நீங்க வேற இடம் பாத்துக்குங்கன்னும் சொன்னேன். போதுமா?"

இன்ஸ்பெக்டர் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். அந்தப் புருவத்தைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

"நல்லா கோபப்படறீங்க."

"வேற என்ன சார் பண்ணச் சொல்றீங்க? உங்க முன்னால மயக்கம் போட்டு விழணுமா?"

ஏட்டு தரையில் மண்டியிட்டு, மேஜைக்கு அடியிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வெளியே இழுத்தார். அதன் பின்மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே பார்த்தார். ஒன்றும் பேசாமல் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

இன்ஸ்பெக்டரும் ஒன்றும் பேசாமல் அவளிடம் நீட்டினார்.

பார்த்தாள்.

பாக்ஸை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

எர்த் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. கரண்டை மண்ணுக்குள் இறக்கி ஆளைக் காப்பாற்ற வேண்டிய ஒயர் அது. அது இருக்க வேண்டிய இடத்தில், கரண்ட் வரும் ஃபேஸ் முனையிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயர் இழுத்து முறுக்கப்பட்டிருந்தது. சுவிட்ச் ஆன்-ஆ, ஆஃப்-ஆ என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த பாக்ஸில் சொருகிய எந்த இரும்புப் பெட்டியைத் தொட்டாலும் நேராக மேலோகம்தான்!

"புரியுதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புரியுது."

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. இதைச் செய்யத் தெரிஞ்சவங்க இந்த வீட்ல யாரு?"

"எனக்குத் தெரியும். வெளிய கத்திட்டு இருக்கானே, அவனுக்கும் தெரியும். ஷூட்டிங்குக்கு லைட் போடறவன்."

"கூடப் பிறந்த அண்ணனைக் கொன்னு அவருக்கு என்ன கிடைக்கப் போகுது? சரி, இதைச் சொல்லுங்க... இந்தப் பெட்டிக்குள்ள கையை விட்டு ரொம்ப நேரம் வேலை பாத்திருக்கீங்க. உங்களுக்கு ஒரு கீறல் இல்ல. அவர் தொட்டதும் போயிட்டார். அது எப்படிம்மா?"

"கேபிளைப் பிடுங்கிட்டுத்தான் சார் வேலை பாப்பேன்! முதல்ல ஷட்டவுன். அப்புறம் பெட்டி முதுகுல இருந்து கேபிளைக் கழட்டிடுவேன். உள்ள மிச்சம் மீதி கரண்ட் இருந்தா போகட்டும்னு பவர் பட்டனை ஒரு தடவை அமுக்குவேன். அதுக்கப்புறம்தான் இரும்புச் சட்டத்தைத் தொடுவேன்."

"அதை எதுக்குத் தொடணும்?"

"நம்ம உடம்புல ஸ்டாடிக் கரண்ட் இருக்கும். நமக்குத் தெரியாது, ஆனா கார்டு செத்துடும். அதை இரும்புல இறக்கிட்டு, கார்டோட ஓரத்தை மட்டும் பிடிச்சு எடுக்கணும். தங்கக் கலர் பல்லு இருக்கு பாருங்க, அதுல விரல் படக் கூடாது. ஸ்லாட்டுல நேரா வெச்சு, டிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும். ஸ்க்ரூ போடணும். இதுல எந்த இடத்துல சார் நான் கொலை பண்ணினேன்?"

"முதல் இடத்துலயே! கேபிளைக் கழட்டினா ஆபத்து இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். கழட்டி வெச்சிட்டு வெளிய போனீங்க. அவர் வந்தார், மாட்டினார், செத்தார். நீங்க விரிச்ச வலை. ஏட்டு... ஜீப்பைக் கொண்டு வரச் சொல்லு."

ஜெயில்! செய்யாத கொலைக்கு ஜெயில்! பிரிந்து போகத் துணிந்த மறுநாளே, அந்த மனிதன் செத்தும் அவளை விடவில்லை.

"சார், ஒரு நிமிஷம். கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஆளு ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து பாத்ததில்ல. ஒரு ஒயரைத் தொட்டதில்ல. மவுஸ் வேலை செய்யலைன்னாகூட என்னைத்தான் கூப்பிடுவார். அவர் வந்து கேபிளை மாட்டுவார்னு நான் எப்படி சார் கணக்குப் போட முடியும்? நான் சொல்லாம அவர் எதுக்கு அதைத் தொட்டார்?"

"அதை கோர்ட்ல சொல்லுங்க."

படாரென்று கதவு திறந்தது. கொழுந்தன் உள்ளே பாய்ந்தான். முகமெல்லாம் வியர்வை.

"இன்னும் என்ன சார் விசாரணை? இவங்க படிச்ச படிப்பே இதுதானே! எர்த் பின்னுல ஃபேஸைக் கொடுத்துட்டா, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் பெட்டி பூரா கரண்ட் வரும்னு இவங்களுக்குத் தெரியாதா? விலங்கை மாட்டுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

"டேய்..."

"என்ன... என்ன?"

"எர்த்துல ஃபேஸ் இருந்துச்சுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

கொழுந்தன் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"கே... கேட்டேன். கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன்."

"நாங்க அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே தம்பி!" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் கனிவாக இருந்தது. அவர் கை அப்படி இல்லை.

பளார்!

கொழுந்தன் சுவரில் போய் மோதினான்.

"மூடியைத் திறந்தது ஏட்டு. பாத்தது நாங்க மூணு பேர். வாயே திறக்கல. நீ எந்தக் கண்ணால பாத்தே? சொந்த அண்ணனைக் கொன்னுட்டு பொம்பளை மேல பழியைப் போடறியா?"

"ஐயோ சார், நான் கொல்லல! சத்தியமா நான் கொல்லல! நான் அந்த பாக்ஸைத் தொடவே இல்ல!"

"பின்ன யாரு தொட்டது?"

"அண்ணன் சார்... அண்ணன்தான்!"

"தன்னைத்தானே கொன்னுக்கவா?"

"அவனுக்கு வெச்சது இல்ல சார்..." கொழுந்தன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். "அண்ணிக்கு வெச்சது!"

அவள் பார்வை எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போனது.

"முழுசா சொல்லு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணி பிரிஞ்சு போனா ஸ்டுடியோவும் போயிடும்னு அண்ணன் நேத்து வெறி பிடிச்ச மாதிரி இருந்தான். 'கார்டு மாட்டறதுக்கு முன்னால அவ இரும்பைத் தொட்டுத் தடவிப் பாப்பா, அந்த இரும்புல கரண்ட் வர்றதுக்கு வழி சொல்லு'ன்னு கேட்டான். நான் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவுதான் சார், சொல்லித்தான் கொடுத்தேன்! செஞ்சது அவன். இப்ப அவன் செத்ததைப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் புரியல. அண்ணியும் ஜெயிலுக்குப் போயிட்டா ஸ்டுடியோ என் கைக்கு வந்துடும்னு..."

"அடப் பாவி!" என்றார் ஏட்டு, கேட்க முடியாமல்.

இன்ஸ்பெக்டர் பிணத்தின் சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு சின்ன ஸ்க்ரூ. ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுப்பட்ட பச்சை எர்த் ஒயர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூடியைத் திருப்பினார். நான்கு ஓட்டைகள் இருந்தன. ஏட்டு கழற்றி வைத்தது மூன்று ஸ்க்ரூ. பையில் இருந்தது நான்காவது ஓட்டையில் கச்சிதமாக இறங்கியது.

அவளுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்து எடிட் செய்வதுபோல நடித்துக்கொண்டு, அவள் அலறுவதற்காக அவன் காத்திருந்திருக்கிறான். அவள் இரும்பைத் தொட்டாள். அலறவில்லை. கார்டை எடுத்தாள், மாட்டினாள், ஸ்க்ரூ போட்டாள்... அலறவே இல்லை! அவள் முன்னறைக்குப் போனதும், ஏன் இவள் இன்னும் சாகவில்லை என்று எழுந்து வந்து பார்த்திருக்கிறான். பெட்டியின் முதுகில் கேபிள் கழன்று தொங்கியது.

அட, இதுதான் விஷயமா என்று எடுத்துச் சொருகியிருக்கிறான்.

இறுக்கமாகச் சொருகுவதற்காக, இடது கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு. வெறுங்காலோடு, தரையில் நின்றுகொண்டு.

"நான் வேலையை முடிச்சு, நானே கேபிளைச் சொருகியிருந்தா..." அவள் முடிக்கவில்லை. பிணத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "பிரிஞ்சு போறேன்னுதானேய்யா சொன்னேன்! செத்துப் போறேன்னா சொன்னேன்?"

பிணம் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை.

கொழுந்தனின் சட்டைக் காலரைப் பிடித்து ஏட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் சங்கடமாக நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியல."

"என்ன?"

"இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கார். நீங்க இரும்பைத் தொடறதைக் கவனிச்சவருக்கு, அதுக்கு முன்னால கேபிளைப் பிடுங்கறது மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

"சொல்லியிருக்கேன் சார்! ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன். முதல்ல கேபிளைக் கழட்டணும், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். நான் வாயைத் திறந்தாலே அவர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்குவார்!"

இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் நகர்ந்துபோய், அவசர அவசரமாகச் செல்போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினார்.

"என்னம்மா... காலையில நான் கிளம்பும்போது ஏதோ சொல்லிட்டே இருந்தியே... சேச்சே, கோபமெல்லாம் இல்லம்மா! முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லேன், ப்ளீஸ்... கேக்கறேன்!"