கசியாத அறை

"இந்த உலகத்துல கசியாத அறை ஒண்ணே ஒண்ணுதான் சார். அது என்னோடது."

பாதுகாப்பு அதிகாரி இதைச் சிரிக்காமல் சொன்னார். சகாக்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தாழ்ப்பாள்'.

மாநாட்டுச் செயலாளர் காலைப் பத்திரிகையை மேஜையில் போட்டார்.

முதல் பக்கத்தில்... பூட்டிய கதவுக்குள் நேற்று பேசிய வர்த்தக ஒப்பந்தம். வார்த்தை பிசகாமல்!

வாசலில் கூட்டம் திரண்டிருந்தது. எங்கள் பிழைப்பை எங்களுக்கே தெரியாமல் பேரம் பேசுவதா என்று ஒரே கூச்சல்.

"சாயங்காலத்துக்குள்ள, கசியவிட்ட ஆள் வேணும்" என்றார் செயலாளர். " இல்லேன்னா நாளைக்கு நீங்களும் அந்தக் கூட்டத்துல நிக்கலாம்."

தாழ்ப்பாளின் போன் அலறியது.

அக்கா. தாய்க்குத் தாயாய் நின்று வளர்த்தவள். இதய மாத்திரை தீர்ந்துவிட்டதாம்.

"ரகசிய வேலையில இருக்கேன்க்கா" என்று வெட்டினார். கட்டடத்துக்குள் போன் வைத்துக்கொள்ள அவருக்கு மட்டும்தான் அனுமதி.

பிறகு எல்லோரையும் சந்தேகித்தார். காபி கொண்டுவருபவர், தரை துடைப்பவர், கோட்டு மாட்டிய பிரதிநிதிகள்... செயலாளரையும்தான், மரியாதையோடு. வீட்டு ஆட்களிடம் வாயைத் திறக்கிற ஜென்மம் எதுவோ அதுதான் குற்றவாளி என்று காவலர்களிடம் நக்கலடித்தார்.

"அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வாயில ஜிப் வெச்சுத் தைக்கணும்."

மதிய இடைவேளை. மண்டபம் காலி.

ஓரத்துக் கண்ணாடிக் கூண்டில் மொழிபெயர்ப்பாளர்கள் இருவர். பெரியவர் ஒற்றைக் காதில் ஹெட்போனோடு கண்ணயர்ந்திருந்தார். இளையவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

தாழ்ப்பாள் கடைசி வரிசையில் ஒரு ஹெட்போனைச் சும்மா எடுத்து மாட்டினார்.

பெரியவரின் குரல்!

"நாளைக்கு மருந்து விஷயம்... கையெழுத்தானா மலிவு மாத்திரை எதுவும் கடையில இருக்காது... முக்கியமா இதய மாத்திரை... எழுதிக்கிட்டீங்களா?"

பாய்ந்து போய்க் கூண்டுக் கதவைத் திறந்தார்.

பெரியவர் குறட்டையின் விளிம்பில் இருந்தார். இளையவள்தான் அந்நிய மொழியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். கையில், சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் ஒளிந்து வந்த போன். காவலர்களுக்குப் புரியாத மொழி என்ற தைரியம்.

காதில் எது விழுந்தாலும் மொழி மாற்றி வாயால் தள்ளுவது பெரியவரின் பல வருஷப் பழக்கம். தூக்கத்திலும் அது நிற்கவில்லை; அவள் கிசுகிசுத்ததை முணுமுணுப்பாய் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மைக்கையும் யாரும் அணைக்கவில்லை.

"யாருக்கும்மா சொன்னே?"

"மாத்திரை சாப்பிடறவங்களுக்கு." அவள் அழவில்லை. "உங்க வீட்ல யாரும் சாப்பிடறதில்லையா சார்?"

அவர் போனைப் பிடுங்கினார். அவளைச் செயலாளரிடம் ஒப்படைத்துக் கைகுலுக்கலை வாங்கிக்கொண்டார். மருந்து பற்றி இனி ஒரு வரிகூடப் பத்திரிகைக்குப் போகாது.

பிறகு கழிவறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்துவிட்டார்.

"அக்கா... ஏன்னு கேக்காதே. அந்த மாத்திரையைக் கிடைக்கிற வரைக்கும் வாங்கி அடுக்கி வை. கொஞ்ச நாள்ல கடையில இருக்காது. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே."

பக்கத்துத் தடுப்புக்குள்ளிருந்து அதே சேதி, தூக்கக் கலக்கமான குரலில், ஒரு சொல் விடாமல், அந்நிய மொழியில் வந்தது.

தாழ்ப்பாள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.