மூலையில் நின்ற கறுப்பு

கறுப்பு முதன்முதலில் அசைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மணி ஆறு இருக்கும்.

அதைப் பார்த்தது ஊசிதான். ஊசி என்பது அவளுடைய பெயர் இல்லை. ஆள் அவ்வளவு ஒல்லி, கண் அவ்வளவு கூர்மை. வீட்டில் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பெயர் அவள் பின்னாலேயே போய்விட்டது. வயது பத்து.

"அண்ணா, கறுப்பு நகந்துச்சு," என்றாள்.

"கறுப்புக்கு ஆளே கிடையாது. அது எப்படி நகரும்? நீ உன் சிவப்பைப் பாரு," என்றான் அண்ணன்.

அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஞாயிற்றுக்கிழமை அப்பா தெருமுனைப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார்.

"இதுல நாலு பேர் ஆடலாம். ஆனா மூணு கண்ட்ரோலர்தான் என் கைக்கு வந்துச்சு," என்றாராம் கடைக்காரர். "நாலாவது துளையில ஏதோ கறுப்பு மூடி போட்டிருக்கு. அதை நோண்டாதீங்க. பிடிக்கலேன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துடுங்க."

பெட்டிக்குள் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். திரை முழுக்கச் செங்கல் சந்துகள். நாலு மூலையில் நாலு குட்டி ஆட்கள்: வெள்ளை, சிவப்பு, பச்சை, கறுப்பு. குண்டு வைத்துச் செங்கல்லை உடைத்து, வழி பண்ணிக்கொண்டு அடுத்தவரைத் தேடிப் போகவேண்டும். வைத்த குண்டு, மூன்று எண்ணுவதற்குள் நாலு பக்கமும் தீயைக் கக்கும். சந்து திரும்பி ஒளிந்துகொண்டால் பிழைக்கலாம். அடுத்தவருக்கு வைத்த குண்டில் தானே மாட்டிக்கொள்வதுதான் அதிகம். கடைசியில் யார் நிற்கிறாரோ அவருக்கு வெற்றி. ஓர் ஆட்டம் இரண்டே நிமிஷம். தோற்றவர் வாயில் வருவது எப்போதும் ஒரே பேச்சுதான்: "இன்னொரு ஆட்டம்."

புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து அண்ணன் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. சலவைக் கடையில் வேலை பார்க்கும் சித்தி வந்ததும் வராததுமாகப் படுத்துவிடுவாள். பெட்டி வந்த பிறகோ மூன்று பேரும் ஒரே சோபாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சித்தி முழங்கையால் அண்ணன் கையைத் தட்டிவிட்டு அழுகுணி ஆட்டம் ஆடுவாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவன் அப்படிச் சிரித்து ஊசி பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அதற்குள் இந்தக் கறுப்பு.

புதன்கிழமை அதை மூன்று பேருமே பார்த்தார்கள். ஆட்டம் தொடங்கும் பாட்டு ஒலித்ததும், மூலையில் நின்ற கறுப்பு கிளம்பியது. வலது பக்கம் இரண்டு அடி. கீழே ஓர் அடி. அங்கே ஒரு குண்டு. பிறகு வந்த வழியே மேலேறி, இடது பக்கம் ஒதுங்கி நின்றது. குண்டு வெடித்தது. கறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப நாள் ஆடிப் பழகிய கை போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் வினோதம். கறுப்பு நேராகப் போய்ச் செங்கல்லில் முட்டியது. முட்டிக்கொண்டே இருந்தது. ஒரு குண்டை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றது. எரிந்து போனது.

"கம்ப்யூட்டரே ஆடுது போல," என்றாள் சித்தி.

"அப்போ திங்கட்கிழமை ஏன் ஆடல?" என்றாள் ஊசி.

சித்தி கால்களைச் சோபாவின் மேலே இழுத்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமையும் அதே கதை. வலது, வலது, கீழே, குண்டு. பிறகு தடுமாற்றம், தீ. அன்று அண்ணன் விளக்கை அணைக்க விடவில்லை. தூக்கத்தில் "கறுப்பு, கறுப்பு" என்று கத்தி, பேருந்துப் பணிமனையில் நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து படுத்திருந்த அப்பாவை எழுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சாயங்காலம் ஏழு மணிக்கு வருவேன். வந்ததும் பெட்டி கடைக்குப் போயிடும். வீட்டுல தூக்கம்னு ஒண்ணு வேணும்."

பெட்டி போனால் சோபாவும் காலியாகிவிடும். அண்ணன் மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்வான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் தனியாகச் சோபாவில் உட்கார்ந்து பெட்டியைப் போட்டாள். அண்ணன் ஒரு தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளறை வாசற்படியில் நின்றான்.

"பயமா இருந்தா உள்ள போயேன்," என்றாள் ஊசி.

"யாருக்குப் பயம்? எனக்கு நின்னா வசதியா இருக்கு."

பாட்டு ஒலித்தது. கறுப்பு கிளம்பியது. வலது, வலது, கீழே.

ஊசி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கினாள்.

கறுப்பு அசையவில்லை. தன் மூலையில் வெறுமனே நின்றது.

சத்தத்தைக் கூட்டி மறுபடியும் தொடங்கினாள். கறுப்பு கிளம்பியது.

"அண்ணா," என்றாள் மெதுவாக, "அதுக்குக் காது கேக்குது. கண்ணுதான் தெரியல."

தலையணை கீழே விழுந்தது. "அணைச்சுடு. தயவுசெஞ்சு அணைச்சுடு."

ஊசிக்கும் பயம்தான். ஆனால் திரையில் அந்தக் குட்டி உருவம் செங்கல்லில் முட்டி முட்டி நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கறுப்பு," என்று சத்தமாகக் கூப்பிட்டாள். "நான் பேசுறது கேக்குதா?"

"அதுகிட்டப் போய்ப் பேசுறியே," என்று முனகினான் அண்ணன்.

"கேட்டா ஒரு குண்டு வை."

முட்டிக்கொண்டிருந்த கறுப்பு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அதன் காலடியில் ஒரு குண்டு முளைத்தது.

அண்ணன் ஓரடி பின்வாங்கினான். ஊசிக்கோ இப்போது வேறு கவலை.

"அங்கேயே நிக்காத. மேலே போ. இன்னும் மேலே. இப்போ இடது பக்கம். அப்படியே நில்லு."

கறுப்பு மேலே போனது. இடது பக்கம் திரும்பியது. குண்டு வெடித்தது. தீ அதன் பக்கத்துச் சந்தோடு போய்விட்டது. தடுமாறத் தொடங்கிய பிறகும் கறுப்பு பிழைத்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக். டிக் டிக். சோபாவின் பின்னாலிருந்து, சுவருக்குள்ளிருந்து. காதைச் சுவரில் ஒட்டவைத்தாள். ஒவ்வொரு டிக்குக்கும் திரையில் கறுப்பு ஓர் அடி நகர்ந்தது.

ஊசி எழுந்து செருப்புகூடப் போடாமல் வெளியே நடந்தாள்.

"எங்கே போற?"

"பேயைப் பாக்க. வரியா?"

தனியாக நிற்பதைவிடப் போவதே மேல் என்று அண்ணனுக்குத் தோன்றியது.

அடுத்த வீட்டுக் கதவை ஓர் அம்மா திறந்தார். உள்ளே ஓர் இருட்டறை. சன்னலில் கனமான திரை. கட்டிலில் ஒரு பையன், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பார்த்தபடி என்று சொல்ல முடியாது. அவன் இரண்டு கண்ணையும் மூடி வெள்ளைத் துணிக் கட்டு போட்டிருந்தது. மடியில் வயர் இல்லாத ஒரு கறுப்புக் கண்ட்ரோலர்.

"யாரு?" என்றான் அவன்.

"ஊசி."

"மறுபடியுமா? காலையிலதானே போட்டாங்க," என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பாதிப் பயமும் போய்விட்டது.

"கண்ணுல ஆபரேஷன்," என்றார் அந்த அம்மா. "இன்னும் பத்து நாளைக்கு டிவி பக்கமே போகக்கூடாது. ஆசை வருமேன்னு, இவன் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே பெட்டியைக் கடையில கொடுத்துட்டேன். இந்த ஒண்ண மட்டும் இவன் கூடவே கொண்டுபோயிட்டான். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததுலேர்ந்து கையைவிட்டு இறக்கல."

நாலாவது துளையில் இருந்தது மூடி இல்லை, இந்தக் கண்ட்ரோலர் பேசுவதைக் கேட்கும் காது என்று ஊசிக்கு அப்போது விளங்கியது.

"நான் சும்மா மனசுக்குள்ளதான் ஆடினேன்," என்றான் பையன். "சுவத்துக்குள்ளேர்ந்து என் பெட்டி பாடுச்சு. எனக்கு ஒரே பயம். இன்னிக்கு அது என்னைக் கூப்பிட்டுப் பேச வேற செஞ்சுச்சு. பேய்ன்னே முடிவு பண்ணிட்டேன்."

"நாங்களும்," என்றான் அண்ணன்.

ஊசிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. "பெட்டி உன்னோடது. வேணும்னா எடுத்துக்கோ," என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பையன் தலையை ஆட்டினான். "இங்க நான் ஒருத்தன்தான். மத்த மூணு பேரும் மூலையில சும்மா நிப்பாங்க. அவங்களைத் தேடிப்போய் குண்டு வெச்சா ஓடக்கூட மாட்டாங்க. அதுல என்ன இருக்கு?"

ஊசி அந்த அம்மாவிடம் திரும்பினாள். "பாக்கத்தானே கூடாது? கேக்கலாம் இல்லையா?"

ஏழு மணிக்கு அப்பா வந்தார். பெட்டியைப் போட்டு எடுத்துப் போக ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். சோபாவில் அண்ணன், சித்தி, கண்ணில் கட்டோடு திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்த ஒரு புதுப் பையன். அவன் காதருகே ஊசி.

"அப்பா, என் சிவப்பை நீங்க ஆடுங்க. நான் கறுப்புக்குக் கண்ணு," என்று ஊசி தன் கண்ட்ரோலரை நீட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"வராட்டி என்னப்பா, சீக்கிரம் செத்துடுவீங்க, அவ்வளவுதான்," என்றான் அண்ணன்.

பாட்டு ஒலித்தது. வலது, வலது, கீழே. ஊசி கிசுகிசுத்தாள். கறுப்பு அண்ணனின் பச்சையை ஒரு சந்தில் அடைத்தது. சித்தியின் முழங்கை எவ்வளவு முட்டியும் வெள்ளை தப்பவில்லை. தன் குண்டுக்குப் பக்கத்திலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்த அப்பா எரிந்து போனார். கறுப்பு மட்டும் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டறையில் இப்போது யாரும் இல்லை.

அப்பா பையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் பையைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, கண்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தார்.

"இன்னொரு ஆட்டம்," என்றார்.