படகுச் சரிவின் அடியில் ஒரு பொந்து

பொந்துக்குள்ளிருந்து வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

ஜூன் மாதத்து டென்னசி ஆறு மேலே இதமாகவும் அடியில் சில்லென்றும் இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் படகுகளை ஆற்றில் இறக்கிய, இப்போது கைவிடப்பட்ட சரிவின் உடைந்த சிமெண்டுப் பலகைக்கு அடியில் வெர்னா காலை நீட்டியபோது, தூங்குகிறவனின் மூச்சு புறங்கையில் படுவதுபோல் ஒரு வெம்மை வந்து தொட்டது, விலகியது, மறுபடி வந்தது.

"உள்ள தரை எப்படி இருக்கு?" என்றான் அவள் கணவன் டுவெய்ன்.

"வழவழன்னு இருக்கு. சேறே இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. முட்டையைக் காக்கும் கெளுத்தி வாலால் பொந்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும். அதன் வாய்க்குள் வெறுங்கையைக் கொடுத்து, அது கவ்வியதும் தாடையைப் பற்றி வெளியே இழுப்பதுதான் இவர்களுடைய மீன்பிடி. தூண்டில்காரர்களைக் கண்டால் இவர்களுக்குச் சிரிப்பு வரும்.

"தண்ணி சுடுதுப்பா. போயிடலாம்."

"பகலெல்லாம் வெயில்ல கெடந்த சிமெண்டு, சுடாம என்ன பண்ணும்?"

கரையில் நின்ற வெர்னாவின் தம்பி கிளின்ட் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "அத்தான், போன வருஷம் மாதிரி கட்டைவிரல் தோலை மட்டும் எடைபோட எடுத்துட்டு வராதீங்க!"

"நீ போய் எண்ணெயைக் காய வைடா. மீனு சட்டிக்குள்ள அடங்குதான்னு பாரு அப்புறம்."

கரையில் ஓர் ஆள் இல்லாமல் யாரும் பொந்துக்குள் போவதில்லை. ஆனால் இருட்டினால் படகுத்துறையில் மீன்பிடிப் போட்டிக்கு எடைபோடும் தராசைக் கழற்றிவிடுவார்கள். கிளின்ட் சிரித்துக்கொண்டே முகாம் திடலை நோக்கி நடந்தான், டுவெய்ன் காத்திருக்கவில்லை.

உள்ளே போகிறவனின் கணுக்காலை வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் பாதத்தை இரண்டு தரம் ஆட்டினால் நலமாக இருக்கிறான் என்று அர்த்தம். உதைத்தால் இழு. போன வருஷம் வெர்னா பயந்துபோய் முந்தி இழுத்ததில் மீனின் பற்கள் அவன் விரலைச் சீவிவிட்டன. மீனும் போயிற்று, துறை முழுக்கச் சிரித்தது.

"நான் உதைக்காம இழுக்கக் கூடாது. சரியா?"

"சத்தியமா இழுக்க மாட்டேன்."

அவன் மூச்சை நிரப்பிக்கொண்டு குனிந்தான். பலகை அவன் தோளை, இடுப்பை, முழங்காலை விழுங்கியது. அவள் கையில் மிஞ்சியது ஒரு கணுக்கால்தான். திடலிலிருந்து சோளமாவு பொரியும் வாசனையும் யாரோ கித்தாரோடு பாடும் பாட்டும் தண்ணீர்மேல் தவழ்ந்து வந்தன, கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மெல்ல முட்டிக்கொண்டன, தவளைகள் இரைந்தன.

பாதம் ஆடியது. இரண்டு தரம்.

அவள் மூச்சு விட்டாள்.

தவளைகள் அடங்கின. எப்போது அடங்கின என்று அவளுக்குத் தெரியவில்லை. பாதம் மறுபடி ஆடியது. அவன் மூச்சு எவ்வளவு தாங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. திடலில் பாட்டு முடிந்து கைதட்டினார்கள். அடுத்த பாட்டு தொடங்கியது. இழுக்கலாமா? சத்தியம் செய்திருக்கிறாள். பாதம் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது.

இரண்டாம் பாட்டும் முடிந்தது.

"டுவெய்ன்!"

இழுத்தாள். மர வேரை இழுப்பதுபோல் இருந்தது. பலகையில் காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

பாதம் ஆடியது. இரண்டு தரம். அவசரமே இல்லாமல்.

சுற்றிலும் தண்ணீர் வெதுவெதுப்பு. பாதம் மட்டும் சில்லென்றிருந்தது. அவள் அதன் விரல்களைத் தடவினாள். ஒன்றும் தானாக மடங்கவில்லை. விறைப்பில்லை. துவண்டு கிடந்தன. அப்படியும் பாதம் ஆடியது. உள்ளேயிருந்து யாரோ முழங்காலைப் பிடித்து ஆட்டுவதுபோல்.

கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சூடேறியது. அவள் கணுக்காலைச் சுற்றி ஏதோ படிந்தது. பல் இல்லை. நகம் இல்லை. மென்மை. அவளை ஆழத்துக்கு நகர்த்தியது. இடுப்பு. மார்பு. கழுத்து.

கரையில் கைவிளக்கு தெரிந்தது.

"அக்கா! எண்ணெய் புகையுது! அத்தான் மாட்டினாரா, மீனு மாட்டிச்சா?"

வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கிளின்ட். பத்தடி தூரம். அவன் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவளுக்கு நாக்கு எழவில்லை.

தண்ணீருக்கடியில் அவள் முழங்கையை வெம்மை சூழ்ந்தது.

அவள் கை மேலே எழுந்தது. அவள் தூக்கவில்லை. துவண்ட மணிக்கட்டோடு அது வெளிச்சத்தில் இடமும் வலமும் அசைந்தது.

"சரி சரி, மெதுவா வாங்க!" என்று அவனும் சிரித்தபடி கையாட்டினான். விளக்கு திரும்பி நடந்தது.

தண்ணீர் மோவாயைத் தொட்டது. உதட்டைத் தொட்டது. மேலே அவள் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.