தானே அணைந்த லேப்டாப்

"திறந்தா உடனே அணைஞ்சிடுதுங்க. எம்பொண்ணு குரல் உள்ளயே மாட்டிக்கிச்சி."

மரக்காணம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சகாயராஜின் மேசையில் அமுதவல்லி லேப்டாப்பை வைத்தார். மகள் வினோதினி காய்ச்சலில் இறந்து மூன்று மாதம். அவள் பேசிப் பதிந்த வீடியோக்கள்தான் மிச்சம். கணவர் கொளஞ்சி பின்னால் நின்றார்.

"மருமக யுவராணிதான் ஏதோ பண்ணிட்டா. அன்னிக்கு வியாழக்கிழமை, நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். முந்தின நாள் பேஞ்ச மழையில ஒரே சேறு, செருப்பே பிஞ்சிடுச்சி. வந்து பாத்தா இப்படி. வீட்ல அவ மட்டும்தான். அனுமந்தைக்கு, அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிட்டேன்."

"நான் அளத்துல உப்பு வாரினு இருந்தேன்," என்றார் கொளஞ்சி, யாரும் கேட்காமலே.

உதவியாளர் மலர்கொடிக்குப் பழுது பார்ப்பதைவிடத் துப்புத் துலக்குவதில்தான் ஆசை அதிகம். "சார், பொறாமையில எல்லாத்தையும் அழிச்சிருப்பா," என்றாள்.

"அவசரப்படாதம்மா."

சகாயராஜ் லேப்டாப்பை சேஃப் மோடில் திறந்தார். பின்னால் யாரோ சேர்த்துவைத்த நிரல் எதையும் ஓடவிடாமல், மிக அவசியமானதை மட்டும் எழுப்பும் முறை அது. இந்தத் தடவை அணையவில்லை. வீடியோ ஒன்றுகூடக் குறையவில்லை. அமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பழுதே இல்ல," என்றார் சகாயராஜ். " திறந்ததும் மூடிக்கன்னு யாரோ கட்டளை எழுதி வச்சிருக்காங்க, வியாழக்கிழமை காலை பத்தரைக்கு. பொறாமைன்னா அழிச்சிருப்பாங்க. இத எழுதினவங்களுக்கு அழிக்க மனசு வரல."

அவர் கொளஞ்சியைப் பார்த்தார். "மழை பேஞ்சா பாத்தியில இருக்கற உப்பு கரைஞ்சிடும். மறுநாள் எதை வாரினு இருந்தீங்கண்ணே?"

இருபது வருடம் அளத்தில் உப்பு வாரிய அமுதவல்லிக்கு இது தோன்றவே இல்லை. துக்கம் அவரை எதையும் கூட்டிப் பார்க்க விடவில்லை.

கொளஞ்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். "தெரிஞ்ச ஆள வச்சி நான்தான் பண்ணேன். யுவராணி பாத்துட்டா. சொல்லாதம்மான்னு கும்பிட்டேன். பழியத் தானே ஏத்துக்கிச்சி அந்தப் பொண்ணு."

தலையைக் குனிந்துகொண்டார்.

"சாயங்காலமானா இவ கடைசி வீடியோவப் போடுவா. 'லேசான காய்ச்சல்தான், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அப்பா சொல்லிட்டாரு'ன்னு சொல்லி பொண்ணு சிரிக்கும். தெனமும் அத என்னால கேக்க முடியல சார்."

மலர்கொடிக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அமுதவல்லி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டித் தீர்க்கப்போகிறார் என்றுதான் மலர்கொடி நினைத்தாள்.

"நீ அன்னிக்கே போலாம்னுதான கெளம்பின? நாளைக்குப் பாத்துக்கலாம்னு தடுத்தது நான்தான்யா," என்றார் அமுதவல்லி. "அது அவளுக்குத் தெரியாது. வீடியோவுல எம்பேரச் சொல்லல. அதனாலதான் என்னால தெனமும் கேக்க முடிஞ்சிது."

லேப்டாப்பை யாரும் மூடவில்லை. அதை மேசையிலேயே விட்டுவிட்டு, யுவராணியை அழைத்து வர இருவரும் அனுமந்தை பஸ்ஸுக்குப் போனார்கள்.